மருந்துக் கடைக்குள் ஒட்டகம் கண்டவர்

ஏழெழுத்துக்காரர் என்று மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. உங்கள் வீட்டில் ஒருவர் இருக்கலாம், அலுவலகத்தில் கட்டாயம் ஒருவர் இருப்பார். பல் பிடுங்கப் போன இடத்தில் உங்களுக்கு முன்னாலேயே வந்து, எட்டாக மடித்த செய்தித்தாளைத் தொடையில் வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய, கூரையைப் பார்த்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தாரே, ஏதோ பிரார்த்தனை செய்கிறார் போலிருக்கிறது என்று நீங்கள்கூட மரியாதையாக ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தீர்களே, அவரேதான். பிரார்த்தனையாவது ஒன்றாவது! மனிதர் ஏழு ஆங்கில எழுத்துகளை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலச் செய்தித்தாளின் கடைசிக்கு முந்தைய பக்கத்தில், ராசிபலனுக்கும் வானிலைக்கும் நடுவே ஒரு வட்டம் போட்டிருப்பார்கள். சுற்றிலும் ஆறு எழுத்து, நடுவில் ஒன்று. இந்த ஏழையும் கலைத்துப் போட்டு எத்தனை ஆங்கிலச் சொற்கள் எழுத முடியும்? ஒவ்வொரு சொல்லிலும் குறைந்தது நான்கு எழுத்து இருக்க வேண்டும், நடு எழுத்து கட்டாயம் வர வேண்டும், ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் செல்லாது. கீழே பொடி எழுத்தில் தீர்ப்பு இருக்கும்: இருபது கண்டுபிடித்தால் பரவாயில்லை, முப்பது என்றால் நன்று, நாற்பது என்றால் அபாரம். இவ்வளவுதான் விளையாட்டு. குழந்தைகள்கூட ஆடலாம். என்ன வித்தியாசம் என்றால், குழந்தைகள் ஆடிவிட்டு எழுந்து போய்விடும்.

இதைப் பற்றியெல்லாம் பேச உனக்கு என்னப்பா தகுதி என்று கேட்பீர்கள். நியாயம்தான். நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நாள் முழுக்க இரண்டு மாடிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டு, "இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்?" என்று மேலிருந்தும் கீழிருந்தும் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பொறுமை பழகியவன். ஆனால் என் ஒரே அக்காவை ஓர் ஏழெழுத்துக்காரருக்குத்தான் கட்டிக்கொடுத்தோம். இருபத்திரண்டு வருஷமாக அத்தானை இரண்டடி தூரத்திலிருந்து பார்த்து வருகிறேன். அதை ஒரு தகுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவின் பித்தப்பை மட்டும் நடுவில் வராமல் இருந்திருந்தால் சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அவருடைய காலை நேரத்தைப் பாருங்கள். ஏழெழுத்துக்காரருக்குப் பொழுது விடிவது செய்தித்தாள் வாசலில் விழும் சத்தத்தில்தான். முதல் பக்கத்தில் ஓர் அரசாங்கம் கவிழ்ந்திருக்கும், இரண்டாம் பக்கத்தில் ஒரு பாலம் இடிந்திருக்கும். அதெல்லாம் நம்மவருக்குப் புரட்ட வேண்டிய தாள்கள், அவ்வளவே. கடைசிக்கு முந்தைய பக்கம் வந்ததும் அதை நான்காக, பிறகு எட்டாக மடித்து, நகத்தால் நீவி, வட்டம் மட்டும் மேலே தெரிய வைத்துக்கொண்டு, பென்சிலைச் சீவி, சீவிய தூளை ஜன்னலுக்கு வெளியே ஊதிவிட்டு, ஒருமுறை கழுத்தை இடமும் வலமும் திருப்பி நெட்டி முறித்துக்கொண்டால், அத்தோடு இந்த உலகத்துக்கும் அவருக்கும் உறவு முடிந்தது. பேனாவைத் தொட மாட்டார். பென்சில்தான். பேனாவில் எழுதுவது அகம்பாவமாம்.

"என்னங்க, குழாய்ல தண்ணி வரல."

"ம்."

"உங்க பொண்ணு காலேஜ்ல அப்பா கையெழுத்து கேக்கறாங்களாம்."

"ம்."

"வீடு பத்திக்கிட்டு எரியுது."

"ம்ம்."

கடைசி வாக்கியத்துக்கு ஒரு 'ம்' கூடுதலாக வந்ததைக் கவனித்தீர்களா? அவசரத்தைப் புரிந்துகொண்டார் என்று அர்த்தமில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு ஆறெழுத்துச் சொல் கிடைத்திருக்கும்.

நடுநடுவே வாய்விட்டும் பேசுவார். "இரு இரு, வந்துடுச்சு, தொண்டையிலயே நிக்குது" என்பார். யார் தொண்டையில் என்ன நிற்கிறது என்று பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த விருந்தாளிகள் உண்டு. மறுநாள் விடை வந்ததும் தன் பட்டியலையும் பத்திரிகையின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பார். பத்திரிகை கண்டுபிடித்து இவர் விட்டிருந்தால், "இதெல்லாம் ஒரு வார்த்தையா? யாரு பேசறாங்க இத?" என்பார். இவர் கண்டுபிடித்துப் பத்திரிகை விட்டிருந்தாலோ, அன்றைக்கு வீட்டில் தீபம் ஏற்றாத குறைதான். ஆசிரியருக்குக் கடிதம் பறக்கும். இதுவரை முப்பத்தாறு கடிதம் போட்டிருக்கிறார். ஒரே ஒரு பதில் வந்தது. அதில் 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று எழுதியிருந்தார்கள். அதைப் படச் சட்டம் போட்டு மாட்டலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார்.

இத்தனை சொல் தெரிந்தவர் ஆங்கிலத்தில் பெரிய புலியாக இருப்பாரே என்றுதானே நினைக்கிறீர்கள்? எங்கள் உறவுக்காரர்கள் மொத்தப் பேரும் அப்படித்தான் நினைத்தார்கள். 'டிக்‌ஷனரி' என்றே அவருக்குப் பட்டப்பெயர். ஆனால் ஏழெழுத்துக்காரருக்கும் சொல்லின் அர்த்தத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது என்பது கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அட்டை பிய்ந்த அகராதியைத் திறப்பார். சொல் இருக்கிறதா? இருக்கிறது. டப்பென்று மூடிவிடுவார். பக்கத்திலேயே இரண்டு வரியில் அதற்கு என்ன பொருள் என்று பாவம் யாரோ உட்கார்ந்து எழுதி அச்சடித்திருக்கிறார்களே, அதையும் ஒரு பார்வை பார்த்தால் என்ன, கண்ணா அவிந்துவிடும்? பார்க்க மாட்டார்.

ஒருநாள் நான் அங்கே இருந்தபோது, "இன்னேட்! நாப்பத்தொண்ணு!" என்று நாற்காலியிலிருந்து எகிறினார்.

"அப்படின்னா என்னப்பா?" என்று மகள் கேட்டாள்.

"ஆறு எழுத்தும்மா."

"அர்த்தம் என்னன்னு கேட்டேன்."

"செல்லும்னு அர்த்தம்," என்றார்.

இந்த ஆங்கிலம் தெருவில் எப்படி நடமாடும் என்று பார்க்கும் பாக்கியமும் எனக்குக் கிடைத்தது. நாங்கள் இருவரும் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தபோது, பெட்டியும் கையுமாக ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து, ரயில் நிலையத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அத்தானுக்கு வியர்த்துவிட்டது. மண்டைக்குள் ஐயாயிரம் சொல் அடுக்கி வைத்திருக்கிறாரே தவிர, ஒன்றையொன்று கைகோத்து வெளியே வரச் சொல்லி அவற்றை ஒருநாளும் பழக்கியதில்லை. கடைசியில் முழுப் பலத்தையும் திரட்டி, "ஸ்ட்ரெய்ட்!" என்றார். அந்த மனிதர் நன்றி சொல்லிவிட்டு நேராகவே போனார். ரயில் நிலையம் வலது பக்கம்.

"என்ன அத்தான், ரைட்ல இல்ல போகணும்?"

அவர் ஒரு விநாடி கண்ணை மூடினார். எதற்கு மூடுகிறார் என்று எனக்குத் தெரியும். திறந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "ஸ்ட்ரெய்ட்டுக்குள்ளயே ரைட் இருக்குடா! அஞ்சு எழுத்தும் அப்படியே இருக்கு! எடுத்துப் பாத்துக்க வேண்டியதுதான்!" என்றார். அந்த வெளிநாட்டுக்காரர் எடுத்துப் பார்த்துக்கொண்டாரோ, ரயிலை விட்டாரோ, எனக்குத் தெரியாது.

அத்தானுக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை. ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், தன் வீட்டுச் சுவருக்குள் தண்ணீர் கசிவதைப் பற்றி நான்கு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் மனம் வெதும்பி எழுதியிருந்தார். இரண்டு நாள் கழித்து மேலதிகாரி அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், நான்கு பக்க ஓரங்களிலும் பென்சிலில் பொடிப்பொடியாகச் சொற்கள். "என்னய்யா இது?" என்று அவர் கேட்டதற்கு, "ரெண்டு நாளா இதுலதான் சார் வேலை பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று உண்மையைச் சொன்னார் நம்மவர். அதிகாரி அவருடைய அக்கறையை மெச்சினாராம். சுவரில் இன்னமும் கசிகிறது என்று கேள்வி.

கைபேசி வந்த பிறகு நோய் முற்றிவிட்டது. இப்போதெல்லாம் வட்டம் சட்டைப்பைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்றைக்கு எத்தனை என்று ஊருக்கெல்லாம் அறிவிக்கவும் அதில் வசதி இருக்கிறது. எங்கள் குடும்பக் குழுவில் ஒருநாள் காலை, 'பெரியப்பா காலமானார்' என்று செய்தி வந்தது. அதற்கு நேர் கீழே, இரண்டே நிமிஷத்தில், 'முப்பத்தெட்டு!!!' என்று மூன்று ஆச்சரியக்குறியோடு அத்தானின் செய்தி. பின்னால் வந்தவர்கள் எதற்கு அழுவது, எதற்குக் கைதட்டுவது என்று தெரியாமல் தவித்தார்கள். தூரத்து உறவில் ஒரு சித்தப்பா மட்டும் அவசரத்தில் 'வாழ்த்துகள்' என்று போட்டுவிட்டார். அவரோடு பெரியம்மா இன்றுவரை பேசுவதில்லை.

இதெல்லாம் சிரிக்கிற கதை. நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

அக்காவுக்கு வயிற்று வலி வந்தது. பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் துணி வெட்டுகிறவள் அவள். நாற்பது மடிப்புத் துணியை மேஜையில் அடுக்கி, சாக்கட்டியால் கோடு கிழித்து, நாள் முழுக்க நின்றபடி வெட்ட வேண்டும். வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்று பிடித்தால் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பாளாம். வலி போனதும் மறுபடி வெட்டுவாளாம். கடைக்காரர்களுக்குச் சொன்னாள். மகளுக்குச் சொன்னாள். எனக்குச் சொன்னாள். அத்தானுக்கும் சொன்னாள். அவரும் 'ம்' என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வலி அதிகமாகி, "மெடிக்கல்ல போயி ஒரு மாத்திரை வாங்கிட்டு வாங்களேன்" என்று அனுப்பினாள். மருந்துக் கடை நான்கு வீடு தள்ளி. போனவர் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். வந்தவர் முகத்தில் அப்படி ஒரு ஒளி.

"மெடிக்கலுக்குள்ள ஒட்டகம் இருக்கு!"

சோபாவில் சுருண்டு கிடந்த அக்கா தலையைத் தூக்கினாள். "என்னது?"

"கேமல்! போர்டுல பாத்தேன். இத்தன வருஷமா அந்தக் கடை வழியா நடக்கறேன், இன்னிக்குத்தான் கண்ணுல படுது. மெடல் இருக்கு, கிளெய்ம் இருக்கு, ஒட்டகம் இருக்கு!"

"மாத்திரை இருந்துச்சா?"

அத்தான் தன் கையைப் பார்த்தார். வெறுங்கை. அசடு வழிய மறுபடி கிளம்பினார். அக்கா தலையில் அடித்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லாமல் சிரித்தாள். சிரித்ததும் வலி அதிகமாயிற்று. அவரை நம்பாமல் மகள்தான் முந்திக்கொண்டு ஓடிப்போய் வாங்கி வந்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பை நிறையக் கற்கள். பையையே எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் காய்ச்சல் வந்து சிக்கலாகிவிடும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். சிறு துளை போட்டு எடுக்கத் தெரிந்த சர்ஜன் அந்த ஆஸ்பத்திரிக்கு மாதத்தில் ஒரே நாள்தான் வருவார். அன்றைக்கு ஐந்து பேருக்குத்தான் செய்வார். அக்காவின் எண் மூன்று.

அந்த நாளும் வந்தது. மகளுக்குப் பரீட்சை. நானும் அத்தானும்தான் கூடப் போனோம். வாசலில் இறங்கியதும் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்து ஒரு கணம் நின்றார். "ஹாஸ்பிடலுக்குள்ள பிஸ்டல் இருக்குடா," என்று என் காதில் கிசுகிசுத்தார். "சோப்பு இருக்கு, கப்பல்கூட இருக்கு." இருந்துவிட்டுப் போகட்டும், உள்ளே வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அங்கே போய்ப் பார்த்தால், அவசரத்தில் ஸ்கேன் படத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறோம். நான்தான் திரும்பி ஓட வேண்டும். ஓடுவதற்கு முன்னால் அவருடைய இரண்டு தோளையும் பிடித்து, கண்ணுக்கு நேரே பார்த்துச் சொன்னேன்.

"ஒரே ஒரு வேலைதான் அத்தான். நர்ஸ் ஒரு ஃபாரம் குடுப்பாங்க. கையெழுத்துப் போட்டு அதே கவுன்டர்ல திருப்பிக் குடுக்கணும். பத்து மணிக்குள்ள. இல்லன்னா அடுத்த ஆள உள்ள கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க."

"நான் என்ன சின்னக் குழந்தையா?" என்றார் அவர், கொஞ்சம் கோபமாகவே.

சின்னக் குழந்தையிடம் கொடுத்திருந்தால் காரியம் நடந்திருக்கும்.

என்ன நடந்தது என்பதைப் பிறகு துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நர்ஸ் படிவத்தோடு ஒரு பேனாவும் கொடுத்து, "நல்லாப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றிருக்கிறார். இந்த ரகத்திடம் சொல்லவே கூடாத வாக்கியம் இது. அத்தான் படிக்க உட்கார்ந்தார். தலைப்பில், கொட்டை எழுத்தில், அந்த அறுவை சிகிச்சையின் ஆங்கிலப் பெயர். பதினைந்து எழுத்து! வாழ்நாள் முழுக்க ஏழு எழுத்தில் குடித்தனம் நடத்திய மனிதருக்கு முன்னால் பதினைந்து எழுத்தை, அதுவும் கையில் பேனாவையும் கொடுத்து வைத்தால், அவர்தான் என்ன செய்வார்? ஒன்றே ஒன்று மட்டும் எழுதிப் பார்க்கலாம் என்று நினைத்தாராம். ஒன்று, நாலாயிற்று. நாலு, பதினொன்றாயிற்று. கூடத்தில் ஒரே சத்தமாக இருந்ததாம், கவனம் சிதறியதாம். அதனால் மாடிப்படித் திருப்பத்துக்குப் போய், தீயணைக்கும் சிலிண்டருக்குப் பக்கத்தில் வசதியாக உட்கார்ந்துகொண்டாராம். ஒலிபெருக்கியில் "மூணாம் நம்பர் பேஷன்ட் கூட வந்தவங்க" என்று நான்கு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பாவிக்குக் கேட்டால்தானே?

நான் ஸ்கேன் படத்தோடு மூச்சிரைக்க வந்தபோது மணி பத்தே முக்கால். அக்கா பச்சை அங்கியும் தலையில் பிளாஸ்டிக் தொப்பியுமாகக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு மணி நேரமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் உதடு வெளுத்துக் காய்ந்திருந்தது.

"உங்க அத்தான் வந்தாரா?" என்றாள்.

"அவரு இங்கதானே இருக்கணும்?"

நர்ஸ் என்னைப் பார்த்தார். "நாலாம் நம்பர உள்ள கூட்டிட்டுப் போயாச்சு சார். நாங்க என்ன பண்ண முடியும்? கையெழுத்து இல்லாம தொட மாட்டாங்க."

"கடைசியில சேத்துக்கச் சொல்லுங்க சிஸ்டர். அஞ்சாவது ஆளுக்கு அப்புறம் வெச்சுக்கலாமே?"

"அஞ்சாவது பெரிய கேஸ். டாக்டர் ரெண்டு மணிக்குக் கிளம்பிடுவாரு. கேட்டுப் பாத்துட்டேன் சார். அடுத்த மாசம்தான்."

படி படியாகத் தேடிக்கொண்டு போனேன். மூன்றாவது திருப்பத்தில் இருந்தார். முழங்காலில் படிவம். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட இல்லை, கையை மட்டும் தூக்கினார்.

"இரு இரு இரு. அறுபத்திரெண்டு. டேய், இதுல ஸ்கூல் வருதுடா! டூத் வருது! கிளோத்ஸ், ஏழு எழுத்து, அதுவும் வருது! அறுபத்திமூணு!"

"அத்தான், மணி என்ன தெரியுமா?"

கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு படிவத்தைப் பார்த்தார். முன்பக்கம், பின்பக்கம், ஓரம், கையெழுத்துப் போட வேண்டிய கோடு, எல்லா இடத்திலும் நீல மையில் சொற்கள். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிப்போவதை நான் நின்று பார்த்தேன். எனக்கு வந்த கோபத்தில் அவரை அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் குழிக்குள் தள்ளிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. குழியின் ஆழம் எனக்குத் தெரியும் என்பதால்தான் விட்டேன்.

அக்காவின் முன்னால் வந்து நின்றார். படிவத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தார். அவள் கையை நீட்டினாள். கொடுத்தார். அவளுக்கு ஆங்கிலம் படிக்க வராது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மேல பெருசா இருக்கறது என்ன?"

"உன் ஆபரேஷனோட பேரு."

"சுத்தி எழுதியிருக்கறதெல்லாம்?"

"அதுக்குள்ள இருந்த வார்த்தைங்க."

"எத்தன?"

"அறுபத்திமூணு," என்றார். அந்த நிலைமையிலும் அவர் குரலில் ஒரு துளிப் பெருமை எட்டிப் பார்த்தது. மறைக்க முயன்றார், முடியவில்லை. எனக்கே அவமானமாக இருந்தது.

அக்கா கத்தவில்லை. "இருபத்திரெண்டு வருஷமா நான் எது சொன்னாலும் 'ம்'னு ஒரே எழுத்துதான் குடுத்தீங்க. என் வயித்துல இருக்கற பைக்கு அறுபத்திமூணு வார்த்தையா?" என்றாள். தொப்பியைக் கழற்றிக் கட்டில் மேல் வைத்தாள். "தம்பி, எனக்குக் குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடு."

அடுத்த ஒரு மாதம் எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். இரண்டு முறை வலி வந்தது. ஒருமுறை காய்ச்சலும் வந்து எல்லோரையும் கலங்க அடித்துவிட்டுப் போயிற்று. அக்கா எண்ணெய் இல்லாத சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு துணி வெட்டினாள். அத்தான் செய்தித்தாளை நிறுத்திவிட்டார். கைபேசியிலிருந்து அந்த வட்டத்தை மகளிடம் சொல்லி அழிக்க வைத்தார். வெந்நீர்ப் பையோடு அக்காவின் கூடவே அலைந்தார். அதோடு விட்டாரா? 'ம்' போடுவதையும் நிறுத்திவிட்டார். அது இன்னொரு தொல்லையாயிற்று.

"என்னங்க, குழாய்ல தண்ணி வரல."

"அப்படியா? எப்பலேருந்து வரல? மேல தொட்டியப் பாத்தியா? நான் வேணா வால்வ தொறந்து பாக்கட்டுமா? பக்கத்து வீட்டுல வருதான்னு கேட்டுட்டு வரட்டுமா?"

அக்கா பயந்துபோய் எனக்கு ஃபோன் செய்தாள். "தம்பி, இவருக்கும் ஏதாவது டெஸ்ட் எடுக்கணுமோன்னு தோணுதுடா. ரொம்பப் பேசறாரு."

அடுத்த மாதம் அதே நாள், அதே ஆஸ்பத்திரி. இந்த முறை படிவத்தை மகள் வாங்கி, மகளே படித்து, அப்பாவின் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்துக் கையெழுத்து வாங்கி, ஒன்பது மணிக்கே கவுன்டரில் கொடுத்துவிட்டாள். அக்காவைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. கதவுக்கு மேலே பெரிய பலகை. பதினாறு எழுத்து.

அத்தான் அதற்கு எதிரே உட்கார்ந்து கண்களை இறுக மூடிக்கொண்டார். ஒன்றரை மணி நேரம். ஒருமுறைகூடத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள், "பாவம், தூங்கிட்டாரு போல" என்றார். தூங்குகிறவர் கைப்பிடியை அப்படியா இறுக்கிப் பிடிப்பார்? பலகையைப் பார்த்துவிடக் கூடாது என்று மனிதர் போராடிக்கொண்டிருந்தார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து சட்டைக் காலரில் இறங்கியது. துடைத்தால் கண் திறந்துவிடுமோ என்று துடைக்கவும் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு அவர்மேல் பாசம் வந்தது அன்றைக்குத்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு கதவு திறந்தது. நர்ஸ் வெளியே வந்து எங்களை நோக்கி நடந்தார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நர்ஸ் என்ன சொன்னார் என்று எழுதுவதற்கு முன்னால் உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தப் பதினைந்து எழுத்துச் சொல் என்னவென்று நான் எழுதவில்லை, கவனித்தீர்களா? கவனித்திருப்பீர்கள். பித்தப்பையை எடுப்பதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று அப்போதே மனசுக்குள் துழாவத் தொடங்கினீர்களா இல்லையா? அதில் ஸ்கூல் எப்படி வரும் என்று விரல் மடக்கிப் பார்த்தீர்களா இல்லையா? 'பதினாறு எழுத்து' என்று நான் சொன்னதும் கதவை விட்டுவிட்டுப் பலகைக்குப் போனீர்களே, உண்மையைச் சொல்லுங்கள், எண்ணித்தானே பார்த்தீர்கள்? வெட்கப்பட வேண்டாம், இங்கே நாம் இரண்டு பேர்தான் இருக்கிறோம். ஆனால் நீங்கள் எண்ணிக்கொண்டிருந்த அந்த நேரமெல்லாம் என் அக்கா அந்தக் கதவுக்கு உள்ளே மயக்கத்தில் கிடந்தாள்.

அக்கா நன்றாக இருக்கிறாள். நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.